எப்சன் எல்3250: வாங்கலாமா? வாங்கினால் கோடு விழாமல் வைத்துக்கொள்வது எப்படி?

வீட்டுக்கோ சின்ன அலுவலகத்துக்கோ மை டேங்க் பிரிண்டர் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் முதலில் எடுத்து வைக்கும் மாடல்களில் ஒன்று எப்சன் எல்3250. பிரிண்ட், ஸ்கேன், காப்பி மூன்றும் உண்டு; வைஃபை உண்டு; திரை கிடையாது, விளக்கும் பொத்தானும் மட்டும்தான். இதைப் பற்றி வாங்கியவர்கள் எழுதுவதைப் படித்தால் தலை சுற்றும். ஒருவர் மூன்று வருடமாகப் பிரச்சினையே இல்லை என்பார். அடுத்தவர் மூன்றாம் மாதமே கோடு கோடாக விழுகிறது என்பார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இந்த மெஷினின் ஆயுள் அதை எப்படி அணைக்கிறோம், என்ன தாள் வைக்கிறோம், மையை எந்த அளவுக்கு இறங்க விடுகிறோம் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது பிரிண்ட் எடுக்கிற வீடு, பள்ளி புராஜெக்ட், ஆன்லைன் விண்ணப்பம், அவ்வப்போது கலர், எப்போதாவது ஒரு போட்டோ என்றால் தாராளமாக வாங்கலாம். மாதத்துக்குப் பத்துப் பக்கம் கருப்பு எழுத்து மட்டும்தான் என்றால் வேண்டாம். சின்ன லேசர் பிரிண்டர் வாங்குங்கள். டோனர் தூள் காய்ந்து அடைத்துக்கொள்ளாது.

இதில் ஓடுவது 003 வரிசை மை. நான்கு பாட்டில், ஒவ்வொன்றும் 65 மில்லி. கருப்பு பாட்டில் ஒன்றுக்கு 4,500 பக்கம், மூன்று கலர் பாட்டிலும் சேர்ந்து 7,500 பக்கம் என்பது கம்பெனி கணக்கு. கருப்புக்கு வகுத்துப் பார்த்தால் பக்கத்துக்கு 0.015 மில்லிக்கும் குறைவு. லேசான எழுத்துப் பக்கத்துக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும். பக்கம் முழுக்க நிறம் நிரம்பிய போட்டோ பல மடங்கு குடிக்கும். முதல் செட் பாட்டில் அடுத்த செட்டை விடச் சீக்கிரம் தீரும், அதுவும் கோளாறு அல்ல. புது மெஷினில் டேங்கிலிருந்து, தாளில் மையைத் துப்பும் ஹெட் வரை போகும் குழாய்களை நிரப்பவே ஒரு பங்கு மை போய்விடுகிறது.

003-இல் கருப்பும் சாய மைதான், கரையாத நுண்துகள் கொண்ட நிறமி மை அல்ல. வாங்கும்போது யாரும் சொல்லாத முக்கியமான விஷயம் இது. சாய மை தண்ணீரில் கரையும். ஒட்டிய கூரியர் முகவரி மழையில் நனைந்தால் எழுத்து வழியும். ஈரக் கையால் தொட்ட பத்திரத்தில் வரி கலங்கும். சாதாத் தாளில் எழுத்தின் ஓரமும் நிறமி மை அளவுக்குக் கூர்மையாக நிற்காது. தமிழ் எழுத்தில் இது கண்ணுக்குப் பளிச்செனத் தெரியும். 10 பாயிண்டில் மெய்யெழுத்துப் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், ணகர னகரச் சுழிகள் நிரம்பிவிடும். டிராஃப்ட் தரத்தில் எடுத்தால் எழுத்து வெளிறிப் புள்ளியே காணாமல் போகலாம். தமிழ்ப் பக்கங்களுக்கு ஸ்டாண்டர்டு தரம், 12 பாயிண்ட், மை உறிஞ்சிப் பரப்பாத தாள் என்று வைத்துக்கொண்டால் வாசிக்க வசதியாக வரும். பத்திரம், சான்றிதழ், முகவரிச் சீட்டு என்று கருப்பு எழுத்துதான் முக்கிய வேலை என்றால், அதே எப்சனில் 001 மை எடுக்கும் எல்4260-க்குப் போங்கள். அதில் கருப்பு நிறமி மை, இரண்டு பக்கமும் தானே அச்சடிக்கும். கேனான் ஜி3020-இலும் கருப்பு நிறமிதான்.

இனி ஹெட். எல்3250-இன் ஹெட்டில் கருப்புக்கு 180 நாசில் (மை வெளிவரும் நுண்துளை), மற்ற மூன்று கலருக்கும் தலா 59. மிகச் சிறிய துளியின் அளவு 3 பிகோலிட்டர். மின்சாரம் பட்டால் வளையும் ஒரு மெல்லிய பொருள் மையை அழுத்தி வெளியே தள்ளுகிறது. இதைப் பீசோ முறை என்பார்கள். கேனானும் எச்பியும் மையை நொடியில் சுடவைத்து, அப்போது உண்டாகும் குமிழியால் தள்ளுகின்றன. அந்த முறையில் மை இல்லாமல் ஓட்டினால் சூடேற்றும் பகுதியே கருகிவிடும். அதனால்தான் அவர்களின் டேங்க் மாடல்கள் பலவற்றில் ஹெட்டை நாமே கழற்றி மாற்ற முடிகிறது. எப்சன் ஹெட் அப்படிக் கருகாது, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அது மெஷினோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது. ஹெட் போனால் மெஷின் விலையில் பெரும்பங்கைச் செலவழிக்க வேண்டியிருக்கும். ஆகவே இந்த மெஷினைப் பராமரிப்பது என்றால் ஹெட்டைப் பராமரிப்பதுதான்.

அச்சில் வெள்ளைக் கோடு விழுந்ததும் பலரும் செய்வது, மையை உறிஞ்சி இழுத்து நாசிலைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கை உடனே நான்கு தடவை ஓட்டுவது. அங்கேதான் கெடுகிறது. முதலில் நாசில் செக் எடுங்கள். கம்ப்யூட்டரில் பிரிண்டர் டிரைவருக்குள் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) மெயின்டனன்ஸ் பக்கத்தில் இருக்கிறது. படிப்படியாக இறங்கும் சின்னக் கோடுகளாக நான்கு கட்டம் அச்சாகும். ஒவ்வொரு கோடும் ஒரு நாசில். எந்தக் கோடு விடுபட்டதோ அந்த நாசில் துப்பவில்லை. மஞ்சள் கட்டத்தை வெள்ளைத் தாளில் சரிபார்ப்பது கஷ்டம். போனில் முழுத்திரைக்கு நீல நிறப் படம் ஒன்றைத் திறந்து, இருட்டில் அந்த வெளிச்சத்தில் தாளைப் பாருங்கள். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கிக்கொள்வதால் கோடுகள் கருப்பாகத் தெரியும்.

கோடு எல்லாம் முழுசாக இருந்தும் அச்சு மோசம் என்றால், கிளீனிங் எதையும் தீர்க்காது, மைதான் வீண். கிட்டத்தட்ட 2.5 சென்டிமீட்டருக்கு ஒருமுறை பட்டை பட்டையாக நிறம் மாறுகிறதா? தாள் நகரும் அளவு பிசகியிருக்கிறது. பிரிண்ட் ஹெட் அலைன்மென்ட்டில் கிடைமட்ட சரிசெய்தலை ஓட்டுங்கள், தாள் வகை சரியாகத் தேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். செங்குத்துக் கோடுகள் இரட்டையாக, பிசிறாகத் தெரிகிறதா? ஹெட் போகும்போதும் வரும்போதும் அடிப்பது ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை. செங்குத்து சரிசெய்தல் செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் இருவழி அச்சை அணைத்துவிடுங்கள். வேகம் குறையும், வரி நேராகும். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தால் சுத்தமாக வந்து, காப்பி எடுத்தால் மட்டும் கறை தெரிகிறது என்றால் ஸ்கேனர் கண்ணாடியைத் துடையுங்கள்.

உண்மையிலேயே கோடு விடுபட்டிருந்தால், எல்லா டேங்கிலும் மை கீழ்க்கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரு கிளீனிங், பிறகு நாசில் செக். இந்த ஜோடியை மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து செய்யாதீர்கள். மூன்றிலும் சரியாகவில்லை என்றால் எதுவும் அச்சடிக்காமல் குறைந்தது 12 மணி நேரம் விடுங்கள். இந்த இடைவெளி வெறும் சம்பிரதாயம் இல்லை. வேகமாக உறிஞ்சும்போது மையில் நுண்ணிய குமிழிகள் உண்டாகும். அவை மையிலேயே கரைந்து அடங்க நேரம் வேண்டும். காய்ந்த மை மீது புது மை ஊறி அதை இளக்கவும் நேரம் வேண்டும். ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் நாசில் செக் எடுத்தால், எதுவும் செய்யாமலே பாதிக் கோடு திரும்பியிருப்பது சகஜம்.

விடுபட்ட கோடுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விடுபட்டால் அங்கே மை காய்ந்து அடைத்திருக்கிறது. ஒருமுறை மேலே, அடுத்த முறை கீழே என்று இடம் மாறினால், அல்லது கிளீனிங் செய்யச் செய்ய விடுபடுவது அதிகமானால், அது அடைப்பு இல்லை. குழாயில் காற்று புகுந்திருக்கிறது. மஞ்சள் கட்டத்தில் பச்சை கலந்து தெரிந்தால் ஹெட்டை மூடும் ரப்பரிலும் அதைத் துடைக்கும் துடைப்பானிலும் மை தேங்கி, ஒரு நிறம் இன்னொன்றில் கலக்கிறது. அளவுக்கு மீறிக் கிளீனிங் செய்த மெஷினில் இதைப் பார்க்கலாம். சில மணி நேரம் விட்டுவிட்டு இரண்டு கலர் பக்கம் எடுத்தால் தெளிந்துவிடும்.

காற்று புகுவதற்கு முக்கியக் காரணம் டேங்கில் மை கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்குவது. டேங்கில் எவ்வளவு மை மிச்சம் என்று அளந்து சொல்லும் வசதி இந்த மெஷினில் இல்லை. அது நிறுத்தாது, ஓடிக்கொண்டே இருக்கும். முன்பக்கம் தெரியும் நான்கு டேங்கையும் கண்ணால் பார்ப்பதுதான் ஒரே வழி. கருப்பு மட்டும்தானே எடுக்கிறேன், மஞ்சள் தீர்ந்தால் என்ன என்று விடவும் கூடாது. கருப்பு மட்டும் எடுத்தாலும் ஹெட்டை ஈரமாக வைத்திருக்கக் கலர் மையும் கொஞ்சம் செலவாகும். எந்தக் கலர் வற்றினாலும் அந்தக் குழாயில் காற்று ஏறும். காற்று ஏறிய பிறகு சாதாரணக் கிளீனிங் போதாது. டிரைவரில் பவர் கிளீனிங் என்று தனியாக ஒன்று உண்டு. அது குழாயில் உள்ள மை முழுவதையும் இழுத்துக் கொட்டிவிட்டுப் புது மையை நிரப்பும். அதை ஓட்டுமுன் எல்லா டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் மைக்குப் பதில் காற்றை உறிஞ்சி நிலைமையை இன்னும் மோசமாக்கும். மறுபடி ஓட்ட வேண்டியிருந்தால் நடுவில் 12 மணி நேர இடைவெளி கட்டாயம். அதற்கும் வரவில்லை என்றால் சர்வீஸ் சென்டர்தான். ஊசியால் எதையாவது ஹெட்டில் பீய்ச்சும் வீடியோக்களைப் பார்த்து இறங்காதீர்கள். அழுத்தம் கொஞ்சம் மிஞ்சினாலும் ஹெட்டுக்குள் கசிந்து மின் இணைப்பில் மை ஏறிவிடும்.

அணைக்கும் விதத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் ஹெட் காய்வதற்கு இதுதான் பெரிய காரணம். மெஷினின் பவர் பொத்தானை அழுத்தினால் ஹெட் வலது ஓரத்துக்குப் போய், ரப்பர் மூடி மேலேறி நாசில்களைக் காற்றுப் புகாமல் மூடிக்கொள்ளும். அந்த வேலை முடியும்வரை பவர் விளக்கு மின்னும். விளக்கு அணைந்த பிறகே சுவர் ஸ்விட்சைத் தொட வேண்டும். ஸ்விட்சை நேரடியாக அணைத்தால், அல்லது அச்சடிக்கும்போது கரண்ட் போனால், ஹெட் பாதி வழியில் திறந்தபடி நிற்கும். வெயில் காலத்தில், மின்விசிறி ஓடும் அறையில் ஒரே ராத்திரி போதும், மை காய. கரண்ட் வந்ததும் மெஷினை ஒருமுறை ஆன் செய்து, பொத்தானால் முறையாக அணைத்துவிடுங்கள். அச்சடிக்கும்போது சுமார் 12 வாட்தான் எடுக்கும். கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் சின்ன யுபிஎஸ்ஸே தாராளமாகத் தாங்கும். லேசரை யுபிஎஸ்ஸில் போடக் கூடாது என்ற எச்சரிக்கை இதற்குப் பொருந்தாது.

வாரத்துக்கு ஒருமுறையாவது நான்கு நிறமும் ஓட வேண்டும். அதற்காக முழுப் பக்கக் கலர் படம் தேவையில்லை. ஒரு நாசில் செக் போதும், மை மிகக் குறைவாகச் செலவாகும், நிலைமையும் தெரிந்துவிடும். ஒருபக்கத் தாளின் பின்புறத்திலேயே எடுக்கலாம். பின் குத்தியதோ மடிந்ததோ வேண்டாம்.

தாள். இந்த மெஷினில் கிடைக்கும் தரத்தில் பாதி தாளில் இருக்கிறது. 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) மலிவுத் தாளில் மை பின்பக்கம் ஊடுருவும், கலர் மங்கும், முழுக் கலர் பக்கம் அலை அலையாக நெளியும். நெளிந்த தாள் ஹெட்டின் அடியில் உரசி ஓரத்தில் கறையாகும். 75 அல்லது 80 ஜிஎஸ்எம் தாள் போடுங்கள். கரூர் மாவட்டத்துப் புகளூர் ஆலையில் கரும்புச் சக்கையிலிருந்து தயாராகும் டிஎன்பிஎல் காப்பியர் 80 ஜிஎஸ்எம் எளிதாகக் கிடைக்கிறது, இந்த மெஷினில் நன்றாகவே ஓடுகிறது. எந்தத் தாளானாலும் ரீமைப் பிரித்துவிட்டால் மிச்சத்தை அதே உறையில் மடித்து, சமதளத்தில் வையுங்கள். அந்த உறை ஈரம் புகாமல் இருக்கத்தான். ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு நாள் ட்ரேயில் கிடந்த தாள் ஈரம் குடித்துச் சுருளும். இரண்டு தாள் சேர்ந்து போவது, எழுத்து கசிவது, மூலை மடங்குவது எல்லாம் அப்போதுதான். பின் ட்ரே 100 தாள் கொள்ளும் என்றாலும் மழைக்காலத்தில் இருபது முப்பது வையுங்கள். தாளே ஏறவில்லை, ரோலர் வழுக்குகிறது என்றால் அதில் தாள் தூசு படிந்திருக்கிறது. மெஷினை அணைத்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்த நூல் உதிராத துணியால் ரோலரைத் திருப்பித் திருப்பித் துடைத்தால் பிடிப்பு வந்துவிடும். அப்போது உள்ளே குறுக்காக ஓடும் ஒளி ஊடுருவும் மெல்லிய பட்டையைத் தொடாதீர்கள். ஹெட் தன் இடத்தை அறிவது அதைப் படித்துத்தான். அதில் விரல் எண்ணெயோ மையோ பட்டால் ஹெட் ஓரத்தில் மோதும், அச்சு தாறுமாறாகும்.

போட்டோவில் இந்த மெஷின் அதன் தகுதிக்கு மேலேயே செய்கிறது. ஓரமில்லாமல் எடுப்பது 4×6 அங்குலம் வரைதான். ஏ4-இல் வெள்ளை ஓரம் இருக்கும். பளபளப்பான கிளாஸி தாள் வைத்துவிட்டு டிரைவரில் பிளெயின் பேப்பர் என்று விட்டுவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. மெஷினுக்குத் தாளைப் பார்க்கத் தெரியாது, நாம் சொல்வதை நம்பித்தான் மையின் அளவையும் துளியின் அளவையும் முடிவு செய்கிறது. கிளாஸி வகையையும் உயர் தரத்தையும் தேர்ந்தால்தான் வானமும் முகமும் திட்டில்லாமல் வரும். கம்பெனித் தாள் அல்லாத 180 ஜிஎஸ்எம் மலிவு கிளாஸியில் மை தேங்கிப் பளபளத்து நின்றால், பிரீமியம் கிளாஸி என்பதற்குப் பதில் சாதாரண போட்டோ கிளாஸி வகைக்கு மாற்றிப் பாருங்கள். கொட்டும் மை குறையும். முகத்தின் வெளிச்சப் பகுதியில் மிக நுண்ணிய புள்ளி தெரிவது நான்கு நிற மெஷினுக்கு இயல்பு. பாஸ்போர்ட் போட்டோதான் தொழில் என்றால் வெளிர் நீலமும் வெளிர் மெஜந்தாவும் சேர்த்து ஆறு நிறம் உள்ள எல்8050 வேண்டும். எடுத்த படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் வையுங்கள். வெயில் நேரே படும் சுவரில் சாய மை படம் வெளுத்துவிடும்.

வெளி மை பற்றி நேர்மையாகச் சொன்னால், எழுத்துப் பக்கத்துக்கு நல்ல வெளி மை ஓடும், பலர் ஓட்டுகிறார்கள். ஆனால் டிரைவரில் உள்ள நிறக் கணக்கு 003-க்காக எழுதப்பட்டது. வேறு மையில் போட்டோவில் தோலின் நிறம் பச்சையாகவோ சிவப்பாகவோ சாயும். மையின் இளக்கமும் பரப்பு இழுவிசையும் வேறுபட்டால் துளி சரியாகப் பிரியாது. லிட்டர் கணக்கில் வாங்கி வருடக்கணக்கில் வைத்த மையில் வண்டல் இறங்கும். 003 ஒரு பாட்டில் ஓடும் பக்கங்களோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் பணம் சொற்பம், பணயம் வைப்பது ஹெட்டை. எனவே 003-ஐயே ஊற்றுங்கள். கோப்பை, டிஷர்ட் அச்சுக்கான சப்ளிமேஷன் மை ஊற்றப்போகிறீர்கள் என்றால் அதற்கென்று தனி மெஷின் ஒதுக்குங்கள். ஒரே டேங்கில் மாற்றி மாற்றி ஊற்ற முடியாது.

கிளீனிங்கில் உறிஞ்சிய மை எல்லாம் பின்புறம் ஒரு சிறு பெட்டிக்குள் உள்ள பஞ்சு பேடில் போய்ச் சேர்கிறது. எவ்வளவு போயிற்று என்று மெஷின் ஒரு கவுண்டரில் எண்ணிக்கொண்டே இருக்கும். எல்லை தொட்டதும் விளக்குகள் மின்னி, அச்சு நின்றுவிடும். தேவையில்லாத ஒவ்வொரு கிளீனிங்கும் அந்த நாளை முன்னால் இழுக்கிறது. நாளுக்குப் பலமுறை ஆன் ஆஃப் செய்வதும் அப்படித்தான், ஏனென்றால் ஆன் ஆகும்போது மெஷின் தானே கொஞ்சம் மையை இழுக்கக்கூடும். பேடை மாற்றிவிட்டுக் கவுண்டரை ரீசெட் செய்வதுதான் முறை. பேடை மாற்றாமல் மென்பொருளால் கவுண்டரை மட்டும் பூஜ்யமாக்கினால், நிரம்பிய பேடிலிருந்து மை மேசையில் வழியும். கேனான் ஜி3020-இல் இந்தக் கழிவுப் பெட்டியைக் கடையில் வாங்கி நாமே மாற்றிக்கொள்ளலாம். எல்3250-ஐ விட அது தெளிவாக மேலாக நிற்கும் இடம் இதுதான். ஓரமில்லாத போட்டோவில் தாளுக்கு வெளியே தெறிக்கும் மைக்கும் ஒரு பேட் உண்டு. அது நிரம்பினால் ஓரமில்லா அச்சு மட்டும் நிற்கும், மற்ற வேலை தொடரும்.

வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். பிரிண்டர் ஆஃப்லைன் என்று கம்ப்யூட்டர் சொல்வதற்கு பெரும்பாலும் ரவுட்டர் வேறு ஐபி எண் (நெட்வொர்க் முகவரி) கொடுத்ததே காரணம். ரவுட்டரில் பிரிண்டருக்கு நிரந்தர எண் ஒதுக்கி, விண்டோஸ் தானே அமைக்கும் டபிள்யூஎஸ்டி போர்ட் என்ற இணைப்புக்குப் பதில் அந்த எண்ணில் டிசிபி ஐபி போர்ட் அமைத்தால் தொல்லை தீரும்.

பழைய எல்3250 விலைக்கு வந்தால், மெஷினைப் பார்த்து மயங்காமல் முதலில் நாசில் செக் கேளுங்கள். பிறகு மூன்று முழுக் கலர் பக்கம் தொடர்ந்து எடுத்துவிட்டு மறுபடி ஒரு நாசில் செக். முதல் செக் சுத்தமாக இருந்து இரண்டாவதில் கோடு விடுபட்டால் மை ஓட்டம் சரியில்லை. டேங்கில் மை கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தாலும் விலகிவிடுங்கள். பேட் மாற்றினார்களா, வெறும் ரீசெட்டா என்று கேட்டு, பின்பக்கமும் அடிப்பக்கமும் மைக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுவரும்போது டேங்க் மூடிகளை இறுக்கி, பைக்கில் சாய்த்து வைக்காமல் மட்டமாகப் பிடித்து வாருங்கள்.